மேற்கிலிருந்து வந்த பதில்

தம்பி செத்துப்போன பிறகு, பார்த்துக்கொள்ள ஆளில்லாத மேற்கிலிருந்து இனிப் பதில் வராது என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஆனால் வந்தது.

விடிந்தும் விடியாத நேரம். கிழக்குப் பம்ப்பு அறைக்குப் பின்னால், கம்பி வேலி மடங்குகிற மூலையில் நின்று, இரண்டு கைகளையும் கிண்ணமாகக் குவித்து வாயில் வைத்து ஊதினார். தாழ்வாக ஒன்று. தாழ்வாக இன்னொன்று. மூன்றாவது நீளமாக மேலேறி, இழுத்த கயிறு அறுந்தாற்போல் சட்டென்று நிற்கும். பதுங்கி என்கிற பறவை அப்படித்தான் கூவும். ஊதிவிட்டுக் காத்திருந்தார். புதர்க்காட்டின் அந்தக் கோடியிலிருந்து, மேற்குப் பம்ப்பு அறை இருக்கிற திக்கிலிருந்து, அதே மூன்றும் திரும்பி வந்தன.

வேறு ஆளாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பான். இவர் வேலிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அவரை எல்லாரும் ‘பாத்தியா’ என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும் வெளியே வந்துவிட்டு மறுபடி உள்ளே போய்விடும். யார் எதைச் சொன்னாலும் ‘நீ பாத்தியா?’ என்று கேட்கிற ஆள். பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்றால்கூடப் போய் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஆமாம் என்பார். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்று எவனாவது பழமொழி எடுத்துவிட்டால், “அப்போ மோந்துதான் பாக்கணுமா?” என்று வாயை அடைத்துவிடுவார். படித்தவன் சொன்னால் இரண்டு மடங்கு சந்தேகம். படித்தவன்தானே பொய்யைக்கூட அழகாகச் சொல்வான்.

அப்படிப்பட்ட மனுஷன் பதுங்கியை மட்டும் பார்க்காமலே நம்பிக்கொண்டிருந்தார். சின்ன வயதில் பார்த்ததோடு சரி. சின்னக் கோழி அளவு இருக்கும். காய்ந்த புல்லின் நிறம், அதில் நிழல் விழுந்த மாதிரி கோடுகள். இறக்கை இருக்கிறது, பறக்காது. ஆபத்து வந்தால் ஓடவும் ஓடாது, இருந்த இடத்திலேயே கல்லாகிவிடும். காலடியில் இருந்தாலும் தாண்டிப் போய்விடுவோம். புது மாப்பிள்ளைகூட மாமனார் வீட்டில் அத்தனை கூச்சப்பட மாட்டான். குரல் மட்டும் விடியற்காலையில் வரும், கூவுகிற மாதத்தில். அதுவும் யாராவது கூப்பிட்டால்தான். வெளிச்சம் ஏறினால் அதுவும் அடங்கிவிடும்.

உலகத்தில் இந்தக் குடும்பத்துப் பறவையே கொஞ்சம்தான் மிச்சமாம். அதில் ஒரு பிடி இந்தத் தண்ணீர் நிலையத்துப் புதர்க்காட்டில் இருக்கிறது என்று பறவை ஆபீஸில் சொல்வார்கள். நான்கு பக்கமும் வீடுகளும் லாரி ஷெட்டுகளும் வந்து முட்டிக்கொண்டு நிற்க, நடுவில் இந்தக் காடு மட்டும் தப்பிக் கிடந்தது. கிழக்கே ஒரு பம்ப்பு அறை, மேற்கே ஒரு பம்ப்பு அறை, இடையில் முள்ளும் புல்லும். பதுங்கி இருக்கிறவரை அந்த நிலத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது சட்டம். இல்லையென்று ஆகிவிட்டால் கிடங்கு கட்டுகிறவன் மறுநாளே இயந்திரத்தோடு வந்து நிற்பான். அதனால் வருஷா வருஷம் கூவுகிற மாதத்தில் ஆபீஸிலிருந்து ஓர் அம்மா வருவார். எத்தனை பதுங்கி என்று கணக்கெடுப்பதால் கணக்கம்மா என்று பெயர். கண்ணில் படாத பறவையைக் குரலை வைத்துத்தானே எண்ண முடியும்? அதற்கு ஊதுகிற ஆள் வேண்டும். கிழக்கே அண்ணன், மேற்கே தம்பி. இரண்டு பேரும் பம்ப்பு ஓட்டிக் கிழமானவர்கள்.

இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

அது குழாய் வெடித்த கதை. இருவரும் ஒரே ஷிப்டில் வேலை பார்த்த காலத்தில் யாரோ வால்வை மூடாமல் விட்டு, பெரிய குழாய் வெடித்து, தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். இன்ஜினியர் முன்னால் வைத்துத் தம்பி, “அண்ணன்தான் மூடல” என்றான். இவர் “நீ பாத்தியா?” என்றார். “பாக்கல. ஆனா நீதான்” என்றான் அவன். விழுந்தது ஓர் அறை. தம்பி போய்க் கைப்பிடிக் கம்பியில் மோதி, முன்பல் தெறித்தது. அன்றிலிருந்து அவன் பேச்சில் ஒரு காற்று கசியும். ஊரார் அவனுக்குச் ‘சீட்டி’ என்று பெயர் வைத்தார்கள். “வாயக் குடுத்தான், பல்லக் குடுத்தான்” என்பதுதான் இவர் கடைசிவரை சொன்ன நியாயம். நீரடித்து நீர் விலகுமா என்று ஊரார் சமாதானத்துக்கு வந்தபோது, தண்ணீரோடேயே வாழ்ந்த இந்த இரண்டு பேரும் விலகித்தான் கிடந்தார்கள்.

தம்பி செத்த அன்றைக்குப் போனார். தலைமாட்டில் நின்றார். முகத்தைப் பார்த்தார். வாய் மூடியிருந்தது. திரும்பி வந்துவிட்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி டம்ளரை நீட்டிக்கொண்டே முகத்தைப் படித்துவிட்டாள்.

“என்ன, பேயறைஞ்ச மாதிரி வந்து நிக்கிறீங்க? பதில் வரலையா?”

“வந்துச்சு.”

“வந்துச்சுன்னா சந்தோஷப்படுங்களேன். உங்க மூஞ்சிக்கு அது ஒத்துக்காதோ?”

அவர் டீயை வாங்கிக்கொண்டார். முன்பல் இரண்டுக்கும் போட்டிருந்த பல்செட்டு சூட்டில் லேசாக ஆடியது. அதைப் போட்ட நாளில் இவள் சொன்னது நினைவு வந்தது: ‘நீங்க தம்பி பல்லத் தட்டினீங்க, வயசு உங்க பல்லத் தட்டிடுச்சு. கணக்கு சரியாப் போச்சு.’ சிரிக்கத்தான் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் வேலி மூலையில் நிற்கவில்லை. புதருக்குள் நடந்தார். காட்டின் நடுவில், எந்தக் காலத்திலோ கைவிட்ட இரும்புக் குழாய் ஒன்று பாதி புதைந்து துருப்பிடித்துக் கிடக்கும். சண்டைக்குப் பிறகு காட்டு வழியாக அதைத் தாண்டி மேற்கே அவர் கால் வைத்ததில்லை. அன்றைக்குத் தாண்டினார். பனியில் கால்சட்டை முழங்கால்வரை நனைந்தது. நின்று ஊதினார்.

பதில் பக்கத்திலிருந்து வந்தது. தாழ்வாக ஒன்று. தாழ்வாக இன்னொன்று. மூன்றாவது மேலேறி, அறுபடுகிற இடத்தில் அறுபடாமல், ‘ஸ்ஸ்’ என்று காற்றாகக் கசிந்து அடங்கியது.

அது பல் போன ஊதல். தூரத்திலிருந்து கேட்டால் அந்தக் கசிவு தெரியாது. இவ்வளவு கிட்டத்தில் தப்பவே தப்பாது.

அவர் திரும்பி நடந்தார். நடந்தார் என்று அவர்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். குழாயைத் தாண்டுகிறபோது ஒரு செருப்பு கழன்று மேற்குப் பக்கம் விழுந்தது. அதை எடுக்கவில்லை.

அன்று மத்தியானம் தம்பி பெண்டாட்டி பஸ் ஏறி வந்தாள். புருஷன் செத்தும் பம்ப்பு அறையை ஒட்டிய வீட்டில்தான் தனியாக இருந்தாள். ஓரகத்திகள் இருவரும் புருஷன்மார்களின் சண்டையில் சேர்ந்ததே இல்லை. சந்தையில் பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவார்கள். ஆனால் இந்த வீட்டுப் படி ஏறியது இப்போதுதான். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது.

“வா, வா. என்னடி இப்படி எளச்சிட்டே?” என்றாள் இவர் மனைவி.

“தூக்கமில்லக்கா.” உட்காரவில்லை. நேராக இவரைப் பார்த்தாள். “மாமா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“கேளு.”

“நீங்க ஊதறத நிறுத்துங்க.”

“ஏன்?”

“அவர் பதில் சொல்றாரு.”

மனைவியின் கையிலிருந்த முறம் நின்றது.

“விடிகாலையில நீங்க கூப்புடுறது லேசாக் கேக்கும் மாமா. ஒடனே பம்ப்பு ரூமுக்குப் பின்னால அவர் ஊதுறாரு. அதே ஊதல். அந்தக் காத்தோட. நான் கதவைச் சாத்தி, துணியைக் காதுல அடைச்சிக்கிட்டுக் கெடக்கேன். நேத்தும் இன்னிக்கும் இப்படித்தான். அதுக்கு முன்னால, நீங்க கூப்புடாத வரைக்கும், ஒரு சத்தமும் இல்ல. நீங்க கூப்புடுறதாலதான் அவருக்குப் போக முடியல.” குரல் உடைந்தது. “உசுரோட இருக்கறப்ப ஒரு வார்த்தை கூப்பிட்டீங்களா? இப்ப ஏன் கூப்புடுறீங்க?”

வழக்கமாக இவர் வாயில் நிற்கிற கேள்வி அப்போதும் வந்தது. “நீ பாத்தியா?”

“எதை மாமா பாக்கச் சொல்றீங்க?” என்று கேட்டுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

மனைவி முறத்தைக் கீழே வைத்தாள். “உங்களுக்கும் கேட்டுச்சா?”

அவர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒற்றைச் செருப்பு வாசலில் கிடந்தது. அதைப் பார்த்தாள். அதற்கு மேல் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் கேள்வியைப் பாதியில் விட்டது அன்றைக்குத்தான்.

கணக்கம்மா சாயங்காலம் வந்தார். கையில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி. அவரைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும்: மனுஷி நல்ல மாதிரி. சேற்றில் இறங்குவார், முள் குத்தினால் பிடுங்கிப் போட்டுவிட்டு நடப்பார். படித்தவர் என்கிற ஒரே குற்றத்துக்காகத்தான் இவர் அவரை நம்பாமல் வைத்திருந்தார்.

“பெரியவரே, கொஞ்சம் கஷ்டமான விஷயம்,” என்றார். “போன வருஷம் காட்டுக்குள்ள, மேற்குப் பக்கமா, சத்தம் பிடிக்கிற மெஷின் ஒண்ணு கட்டி வெச்சிருந்தேன். இப்பதான் உக்காந்து முழுசாக் கேட்டேன். நீங்களும் கேட்டுடுங்க.”

“மெஷினுக்குள்ள யாரு வேணும்னாலும் எதை வேணும்னாலும் வெக்கலாம்.”

“சரி. கேட்டுட்டுத் திட்டுங்க.”

பொத்தானை அழுத்தினார். கரகரவென்று காற்று. பிறகு தூரத்தில் ஓர் ஊதல், சுத்தமாக, அறுபடுகிற இடத்தில் அறுபட்டு. அது தன்னுடையது என்று அவருக்குத் தெரிந்தது. உடனே கிட்டத்தில் இன்னொன்று, கசிவோடு. தம்பி. மறுபடி தூரத்தில் இவர். மறுபடி கிட்டத்தில் அவன். இவர், அவன், இவர், அவன். நடுவில் மூன்றாவது குரல் ஒன்றும் இல்லை.

“நீங்க கிழக்கேர்ந்து கேட்டு ‘மேற்கே ஒண்ணு இருக்கு’ன்னு சொன்னது உங்க தம்பியை. அவர் ‘கிழக்கே ஒண்ணு இருக்கு’ன்னு சொன்னது உங்களை. மத்த எடத்துலயெல்லாம் ஊதினவங்க முடிஞ்சதும் ஒண்ணா உக்காந்து, நீ எப்ப ஊதினே, நான் எப்ப ஊதினேன்னு பேசி, அவங்கவங்க கொரலைக் கழிச்சிடுவாங்க. நீங்க ரெண்டு பேரும்...” கணக்கம்மா நிறுத்தினார். “நான்தான் கவனிச்சிருக்கணும். தப்பு என்னோடது.”

அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசாமல் இருந்த அண்ணனும் தம்பியும், வருஷா வருஷம் பனியில் நின்று, ஒருவரையொருவர் பறவை என்று எண்ணியிருக்கிறார்கள்.

“இன்னும் கொஞ்சம் இருக்கு,” என்றார் கணக்கம்மா. “இதைக் கேக்க வெக்கிறதா வேண்டாமான்னு யோசிச்சேன்.”

கருவியில் தம்பி ஒரு தரம் இருமினான். பிறகு பேசினான். கூப்பிட்டுப் பேசவில்லை, வாய்க்குள் முனகிக்கொள்கிற மாதிரி. “போதும்ணே. பனியில நிக்காதே. வீட்டுக்குப் போ.”

அடுப்படியில் மனைவி “ஐயோ” என்றாள்.

“அவருக்குத் தெரிஞ்சிருக்கு,” என்றார் கணக்கம்மா. “எங்கிட்ட எப்பவும் சிரிச்சிக்கிட்டே சொல்வாரு: ‘கிழக்கே ஒண்ணு இருக்கும்மா. கிழடுதான், ஆனா பிடிவாதம். நாம நிறுத்துற வரைக்கும் அது நிறுத்தாது.’ பறவையப் பத்திப் பேசுறாருன்னு நெனச்சேன்.”

“திருட்டுப்பய,” என்றார் இவர். ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சொன்னார். “திருட்டுப்பய.”

கணக்கம்மா கருவியைப் பையில் வைத்தார். “நாளைக்குள்ள ஆபீஸுக்குச் சொல்லியாகணும். பதுங்கி இல்லவே இல்லன்னு என்னால சொல்ல முடியாது. இருக்குன்னு சொல்லவும் இப்ப ஆதாரம் இல்ல. இல்லாட்டி கிடங்குக்காரங்களுக்கு நெலம் போயிடும்.”

“அப்போ இன்னிக்குக் காலையில எனக்குப் பதில் சொன்னது யாரு?”

கணக்கம்மா நிமிர்ந்து பார்த்தார். “சொல்லிச்சா?”

“சொல்லிச்சு. அவன் ஊதல் மாதிரியே, அந்தக் கசிவோட.”

கணக்கம்மா கருவியைப் பையிலிருந்து மறுபடி எடுத்து, அழுத்தாமல் கையில் வைத்துக்கொண்டார்.

“நாளைக்கு விடியறப்போ மேற்குப் பம்ப்பு ரூமுக்கு வாங்க,” என்றார் இவர். “அதுக்குள்ள நான் போய்ப் பாக்கறேன்.”

வெளிச்சம் இருக்கும்போதே பஸ் பிடித்தார். தம்பி பெண்டாட்டி கதவைத் திறந்ததும் ஒதுங்கி நின்றாள். “உள்ள வாங்க மாமா” என்று சொல்ல அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

“அவன் எங்க உக்காந்து ஊதுவான்?”

“பம்ப்பு ரூம்ல. மோட்டார் பக்கத்துல.”

“வெளிய நின்னு இல்ல?”

“கணக்கம்மாவுக்கு ஊதறது வெளிய. கடைசி வருஷம் உள்ளயும் ஊதுவாரு. பகல் பூரா. கூவுற மாசம் முடிஞ்சும் விடல. ‘உள்ள வராதே, கரன்ட் அடிக்கும்’னு என்னை வாசலோட நிறுத்திடுவாரு. வயசாயி புத்தி பெசகிடுச்சோன்னு பயந்தேன். அப்புறம் புதருக்குள்ள போய்ப் பூச்சி பொறுக்கிக்கிட்டு வருவாரு. எதுக்குன்னு கேட்டா, ‘விருந்தாளி இருக்காங்க’ன்னு சிரிப்பாரு.”

அவர் பம்ப்பு அறையைத் திறந்தார். மோட்டார் ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது தண்ணீர் ஆபீஸிலிருந்தே ஓட்டுகிறார்களாம். எண்ணெயும் சூடான இரும்பும் கலந்த அந்த வாசனை அவர் ஆயுள் முழுக்க மோந்த வாசனை. மோட்டாருக்கும் சுவருக்கும் நடுவில், சூடு எப்போதும் ஒரே அளவில் நிற்கிற இடுக்கில், வால்வு வந்த மரப்பெட்டி ஒன்று. அதில் கோணி. கோணிக்குள் மணல். பெட்டியை ஒட்டிக் கால் ஆடுகிற முக்காலி. அதில் உட்கார்ந்தால் வலது கை தானாகப் பெட்டிக்குள் போகும். அவர் உட்கார்ந்து பார்த்தார். போயிற்று. மணலைத் துழாவினார். விரலில் ஏதோ நெருடியது.

முட்டை ஓடு. மண் நிறம், மைத்துளி தெளித்த மாதிரி புள்ளிகள். ஒன்று இல்லை, நாலைந்து. நாயோ பாம்போ தின்ற ஓடு நொறுங்கிக் கிடக்கும். இவை மூடி திறந்த டப்பா மாதிரி வட்டமாகத் திறந்திருந்தன. குஞ்சு தானே தட்டிக்கொண்டு வெளியே வந்த ஓடுகள்.

பதுங்கி இனத்தில் முட்டையில் உட்காருவது அப்பன்தான். அப்பனை நாய் கொண்டுபோயிருக்கும். இந்த ஆள் முட்டைகளை எடுத்து வந்து, மோட்டார் சூட்டில் வைத்து, அப்பன் உட்கார்ந்து கூவுகிற மாதிரி உட்கார்ந்து கூவியிருக்கிறான். அண்ணனிடம் சொல்லவில்லை, பெண்டாட்டியிடம் சொல்லவில்லை, கணக்கம்மாவிடமும் சொல்லவில்லை. ஊரில் தன்னைத்தான் சந்தேகப் பேர்வழி என்கிறார்கள். அந்த ரத்தம் தம்பிக்கும் ஓடியிருக்கிறதே!

“என்ன மாமா அது?” என்று வாசலிலிருந்து கேட்டாள்.

அவர் ஓட்டை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். “முட்டைக்குள்ள இருக்கறப்பவே இதுங்க அப்பன் கொரலைக் கேட்டுப் பழகும். அதைத்தான் அப்புறம் கூவும்.”

அவள் ஓட்டைத் தொடவில்லை. “பறவையா? அப்போ அந்தக் காத்துச் சத்தம்?”

“அப்பனுக்குப் பல் இல்லையே.”

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவருக்கே போய் எங்கோ இடித்தது. அந்தப் பல்லைப் பெயர்த்த கை இந்தக் கைதான். இப்போது ஓட்டை ஏந்திக்கொண்டு இருக்கிறது.

“நெசமாவா மாமா?” என்றாள் அவள். பயமும் ஆசையும் அவள் முகத்தில் அடித்துக்கொண்டன. அவன் இல்லை என்றால் நிம்மதி. அவன் இல்லவே இல்லை என்றால் அதுவும் ஓர் இழப்புதான்.

“இன்னும் பாக்கலையே,” என்றார். “பாத்துட்டுச் சொல்றேன்.”

அன்று அங்கேயே கூடத்தில் படுத்துக்கொண்டார்.

விடியலில் கணக்கம்மா வந்து பம்ப்பு அறைப் படியில் சத்தமில்லாமல் குந்தினார். தம்பி பெண்டாட்டி ஒட்டிய வீட்டுக்குள், தகரக் கதவுக்குப் பின்னால், காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். இவர் படிக்கு ஓரமாகச் சுவரோடு சுவராக நின்றார். புல்லின் மேல் பனி வெள்ளையாகக் கிடந்தது. கை குவித்து ஊதினார்.

கல்லெறி தூரத்தில், புல்லுக்குள்ளிருந்து பதில் வந்தது. கசிவோடு.

கணக்கம்மா வாயைக் கையால் மூடிக்கொண்டார். யாருடைய குரல் என்று அவருக்கும் தெரியுமே. கண்ணைப் புல்லிலிருந்து எடுக்காமல், ‘இன்னொரு தரம்’ என்று விரலைக் காட்டினார்.

ஊதினார். பதில் வந்தது. புல் அசையவில்லை. மறுபடி ஊதினார். மறுபடி பதில். ஒரு தாள்கூட அசையவில்லை. கிழக்கே வானம் சிவந்து, லாரி ஷெட்டில் எவனோ வண்டியைக் கிளப்பினான். இன்னும் கொஞ்சம் வெளிச்சம் ஏறினால் அது கூவாது. இன்றைக்கு ஆபீஸுக்குச் சொல்லியாக வேண்டும், நாளைக்கு இயந்திரம் வந்து நிற்கும், இன்னொரு விடியல் கிடையாது.

அவருக்கு உறைத்தது. இது பதில் சொல்லும், வராது. இவர் ஊதல் அதற்கு அந்நியனுடையது. வேலிக்கு அந்தப்பக்கத்து ஆளுக்கு யாராவது வீட்டை விட்டு இறங்கி வருவார்களா?

கட்டை விரலை வாய்க்குள் விட்டுப் பல்செட்டைக் கழற்றினார். சட்டைப் பையில் போட்டார். நாக்கு வெற்று ஈறில் போய் விழுந்தது. கை குவித்து ஊதினார்.

தாழ்வாக ஒன்று. தாழ்வாக இன்னொன்று. மூன்றாவது மேலேறி, ‘ஸ்ஸ்’ என்று கசிந்தது.

அவர் கையைச் சட்டென்று கீழே இறக்கிவிட்டார். தம்பி தன் வாய்க்குள்ளிருந்து ஊதியிருக்கிறான். கதவுக்குப் பின்னால் தகரத்தில் தலையோ தோளோ மோதுகிற சத்தம் கேட்டது.

புல் பிரிந்தது.

முதலில் ஒரு கண். பிறகு கழுத்து. காய்ந்த புல் எழுந்து நடந்து வருகிற மாதிரி ஒரு பறவை வெளியே வந்தது. ஓரடி வைத்தது, கல்லானது. இன்னோரடி, மறுபடி கல். அதற்குப் பின்னால் பஞ்சு உருண்டைகளாகக் குஞ்சுகள், அப்பன் நின்றால் நின்று, நடந்தால் நடந்து. குடும்பமாக வந்தன. கணக்கம்மாவின் கன்னத்தில் தண்ணீர் இறங்கியது. துடைக்க அவர் கையை அசைக்கவில்லை.

பறவை இவரைப் பார்க்கவில்லை. கணக்கம்மாவையும் பார்க்கவில்லை. நேராக, திறந்து கிடந்த பம்ப்பு அறை வாசலுக்கு வந்தது. படிக்குக் கீழே நின்று, கழுத்தை நீட்டி, உள்ளே பார்த்தது. மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. முக்காலி காலியாக இருந்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தது, பிறகு மறு பக்கம் சாய்த்தது. மெதுவாக, வாய்க்குள் முனகுகிற மாதிரி, ஒரு தரம் கூவியது.

உள்ளே யாரும் பதில் சொல்லவில்லை.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அவருக்குப் பயம் வந்தது. இத்தனை நாள் வந்த பயம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. செத்தவன் குரல் கேட்டு நடுங்கியது இவர். செத்தவன் குரல் கேட்டு ஓடி வந்தது அது. அந்தக் குரலைக் கொடுத்தவர் இவர். இந்தக் காட்டில் இப்போது பேய் யார்?

வீட்டுக் கதவு லேசாகத் திறந்தது. தம்பி பெண்டாட்டி கையைக் காதிலிருந்து எடுத்திருந்தாள். பறவையையும் பார்த்தாள், இவரையும் பார்த்தாள்.

“இன்னொரு தரம் ஊதுங்க மாமா,” என்றாள். கிசுகிசுப்புதான், ஆனாலும் கெஞ்சல். “ஒரே ஒரு தரம். அவரு மாதிரியே.”

அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். பறவையைப் பார்த்துக் குனிந்து, பல்லில்லாத வாயால் மெல்லச் சொன்னார். “போதும்பா. பனியில நிக்காதே. வீட்டுக்குப் போ.”

மனுஷக் குரல் கேட்டதும் அது கல்லானது. குஞ்சுகளும் கல்லாயின. பிறகு ஒரு கண் சிமிட்டும் நேரத்தில் வாசலில் புல் மட்டும் இருந்தது.

வீட்டில் கொண்டுவிடுகிறேன் என்று கணக்கம்மா வண்டியைத் திருப்பினார். இவர் வேண்டாம் என்று காட்டு வழியாக நடந்தே வந்தார். துருப்பிடித்த குழாய்க்கு அந்தப்பக்கம் கிடந்த செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டார்.

மனைவி வாசலிலேயே நின்றாள். அவர் முகத்தைப் பார்த்ததும், இத்தனை வருஷமாக ஊரைப் பார்த்து அவர் கேட்டதை அவள் கேட்டாள்.

“பாத்தீங்களா?”

“பாத்தேன். சத்தியமா பாத்தேன்.”

அவள் ஓரடி பின்வாங்கினாள். “பல்ல மாட்டிக்கிட்டுப் பேசுங்க,” என்றாள். “கொழுந்தன் வந்து நிக்கிற மாதிரி இருக்கு.”

காடு பிழைத்தது. கணக்கம்மா தன் கண்ணால் பார்த்ததைச் சொன்னதால் கிடங்குக்காரன் வேறு இடம் பார்த்துப் போனான். ஊதுவதற்கு இனி ஆள் வேண்டாம், மெஷினே போதும் என்றும் சொல்லிவிட்டார்கள். அதை இவர் நம்பினாரோ என்னவோ, மறுக்கவில்லை.

ஆனால் கூவுகிற மாதம் இன்னும் முடியவில்லை. யாரும் கூப்பிடாமல் பதுங்கி கூவாது என்பார்கள். இது கூவுகிறது. விடியலில் மேற்கிலிருந்து வருகிறது, அறுபடாமல், கசிந்து. முன்னைவிடக் கிட்டத்தில், குழாய்க்கு இந்தப்பக்கத்திலிருந்து வருகிற மாதிரிகூட இருக்கிறது. கூவிவிட்டுக் காத்திருக்கிறது. மறுபடி கூவுகிறது.

அவர் வேலி மூலையில் நிற்கிறார். பல்செட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறார். வெளிச்சம் ஏறி அது அடங்குகிறவரை அசைவதில்லை. பிறகு வீட்டுக்கு வந்து டீ கேட்கிறார். மனைவி டம்ளரை நீட்டுகிறாள்.